இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு வாழைத்தார்

இன்பமணிக்குக் கோபமே வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வரும். நன்றாகவே வரும். இத்தனை வருஷமும் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். விழுங்கியது செரிக்கவில்லை என்பது போன அறுப்பின் பண்டிகையன்று பாளையங்கோட்டையில் அவள் போகிற கிறிஸ்தவ சபைக்கே தெரிந்துபோயிற்று.

வண்ணார்பேட்டையில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள் இன்பமணி. பட்டா மாறுதல் மனு, ரேஷன் கார்டு மனு, வாடகை ஒப்பந்தம், எல்லாம் அவள் கை பட்டுத்தான் போகும். வாடகை ஒப்பந்தம் அடிக்க வருகிறவர்களிடம் அவளாகவே புத்தி சொல்லுவாள். "அட்வான்ஸ் எவ்வளவுன்னு எண்ணாலயும் எழுத்தாலயும் போடுங்க. காலி பண்ணும்போது எதுக்கெதுக்குப் பிடிப்பாவன்னு அதையும் கேட்டு எழுதிருங்க. பொறவு வாய்ச்சண்டை போட முடியாது பாத்துக்கிடுங்க."

ஊருக்கெல்லாம் இப்படிச் சொன்னவள் தன் வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட எழுதி வாங்கவில்லை. கேட்டால் நமக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அவள் நிலைமையில் நீங்களும் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் தேவசிகாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இன்பமணி போகிற அதே சபை. சபைக் கமிட்டியில் ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இன்பமணியும் அவள் புருஷன் எபியும் ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினார்கள். ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பணத்தை மேஜையிலிருந்த வேதாகமத்தின்மேல் வைத்து, கண்ணை மூடி, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். சின்ன ஜெபமா? எபிக்கு லேத் பட்டறையில் சம்பளம் உயர்வதுவரை எல்லாவற்றுக்கும் ஜெபித்தார். ஆமென் சொல்லி முடித்த பிறகு பத்திரத்தாளை எங்கேயிருந்து எடுப்பது? எடுத்தால் மனிதரையும் நம்பவில்லை, ஜெபத்தையும் நம்பவில்லை என்று ஆகிவிடாதா? இரண்டு பேரும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்த வீட்டை அவள் எப்படி வைத்திருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் பிறந்தால் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் சுவர் அழுக்காக இருக்கக் கூடாது. சொந்த வீடானால் என்ன, வாடகை வீடானால் என்ன, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும். வருஷம் தவறாமல் பெயின்டர் கிங்ஸ்டனைக் கூப்பிட்டு, தன் கைக்காசைக் கொடுத்து வீடு முழுக்க அடித்தாள். பதினோரு டிசம்பர். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த தேவசிகாமணி ஒரு டப்பா பெயின்டுக்குக் கூடக் காசு கொடுத்ததில்லை. வந்து பார்ப்பார். "நல்லா இருக்கு தங்கச்சி" என்பார். போய்விடுவார்.

போன ஆகஸ்டில் பேட்டைக்கு வீடு மாற்றினார்கள். எபியின் பட்டறை பேட்டைத் தொழிற்பேட்டையில். இரண்டு பஸ் மாறிப் போய்வர அவனுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பேட்டையில் ஷரீபா பீவி என்ற அம்மாவின் மாடி வீடு அமைந்தது. அட்வான்ஸ் அங்கேயும் ஐம்பதாயிரம். பழைய அட்வான்ஸை வாங்கி அப்படியே இங்கே கொடுத்துவிடலாம் என்பதுதான் கணக்கு.

தேவசிகாமணி இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு இருபத்தைந்தாயிரம் கொடுத்தார். கூடவே ஒரு தாள். தலைமையாசிரியர் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது. வெள்ளையடிக்கப் பதினைந்தாயிரம். சுவரில் ஆணி ஓட்டை அடைக்க மூவாயிரம். மோட்டார் பழுது நாலாயிரத்து ஐந்நூறு. முருங்கை வேர் காம்பவுண்டைச் சேதப்படுத்தியதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.

இன்பமணி தாளை இரண்டு தடவை படித்தாள். "போன டிசம்பர்லதான அண்ணாச்சி வெள்ளையடிச்சோம்?"

"அது நீங்க ஒங்க பண்டிகைக்கு அடிச்சது தங்கச்சி. காலி பண்ணுத அன்னைக்கு வீட்டுக்காரனுக்கு அடிச்சுக் குடுக்கணும்லா? அதான வழக்கம்."

"மோட்டார்ல இருந்து ஒங்க வீட்டுத் தொட்டிக்கும்தான தண்ணி ஏறுது? முருங்கக்கா ஒங்க வீட்டுச் சாம்பார்லதான கெடந்துச்சு?"

"நட்டது யாரு? நீங்கதான?"

"சரி, இந்த ஆணி?"

இந்த ஆணி விஷயத்தைக் கேளுங்கள், அப்புறம் நீங்களே சொல்லுங்கள். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் சபையிலிருந்து குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அந்த வருஷத்துக்கான வசனம் அதில் அச்சடித்திருக்கும். சட்டம் போட்ட அட்டை. பழைய அட்டையைக் கழற்றி எறிய யாருக்கும் மனசு வராது. பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்துப் புதிதை மாட்டுவார்கள். அவள் வீட்டு ஹாலில் வரிசையாகப் பதினோரு அட்டை. வருஷா வருஷம் இந்த அட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு கமிட்டியில் யாருடையது? தேவசிகாமணியுடையது.

"அட்டையக் கொண்டாந்து தந்தது நீங்கதான அண்ணாச்சி? ஹால்ல மாட்டுங்கன்னு சொன்னதும் நீங்கதான?"

"மாட்டச் சொன்னேன் தங்கச்சி. ஆணி அடிக்கவா சொன்னேன்?"

அந்தப் பதிலைக் கேட்டதும் இன்பமணிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஒரு ஆணிக்கு இருநூற்று எழுபத்திரண்டு ரூபாய்! தங்கத்திலா அடித்தாள்? ஆனாலும் அன்றைக்குத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கூட வந்திருந்த எபி அவள் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

ஷரீபா பீவி நல்ல மனுஷி. பாதி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டாள். ஆனால் அவளுக்கும் ஒரு கழுத்துப்பிடி இருந்தது. "எனக்காகக் கேக்கலம்மா. ஒனக்கு முன்னால அஸீலான்னு ஒரு பிள்ள குடியிருந்தா. கைப்பிள்ளக்காரி. அவ அட்வான்ஸுல பாதி நான் குடுக்கணும். நீ தந்தாத்தான நான் அவளுக்குத் தர முடியும்? தெனமும் போன் போடுதா. அல்லா அறிய எனக்குப் பதில் சொல்ல முடியல."

அதைக் கேட்டு இன்பமணி கூனிக்குறுகிப் போனாள். தனக்கு ஒருத்தர் செய்த அநியாயத்தை, முகம் தெரியாத ஒரு கைப்பிள்ளைக்காரிக்குத் தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அக்டோபர் முடிவதற்குள் தந்துவிடுவதாக ஷரீபா பீவியிடம் வாக்குக் கொடுத்தாள்.

ஏழு தடவை தேவசிகாமணி வீட்டுக்கு நடந்தாள். ஒரு நாள் தூங்குகிறார். ஒரு நாள் கமிட்டிக் கூட்டம். ஒரு நாள் ஜெபத்தில் இருக்கிறார். வாசலில் நின்று நின்று அந்தத் தெரு நாய்களுக்கே அவள் பழகிப்போனாள். கடைசியாக ஒரு நாள் ஆள் அகப்பட்டார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்ககிட்ட எழுத்துல ஏதாவது இருக்கா தங்கச்சி? அம்பதாயிரம் தந்ததுக்கே எழுத்து கெடையாது. நான் நல்லவனா இருக்கக்கொண்டு பாதியாவது தந்தேன். வேற ஆளுன்னா ஒங்களுக்கு அதுவும் கெடைச்சிருக்காது."

வாடகை ஒப்பந்தம் அடித்தே வயிறு வளர்க்கிற ஒருத்தியைப் பார்த்து இதைச் சொன்னார்.  போதகரிடம் போய்ச் சொன்னாள். பொறுமையாக இருங்கம்மா, நான் ஜெபிக்கிறேன் என்றார். மாதர் சங்கத் தலைவி டார்லினிடம் போய் அழுதாள். "பெரிய மனுசங்க விசயம், நாம எங்கன போயிக் கேக்கதுக்கு?" என்று டார்லின் கையை விரித்துவிட்டாள்.

இப்படியே அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. மாசம் முடிய ஐந்து நாள்தான் பாக்கி. அன்றைக்குச் சபையார் அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல், தேங்காய், பூசணிக்காய், சேவல், முட்டை. ஆராதனை முடிந்ததும் வளாகத்துப் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்குப் போகிறது என்பதால் விலைக்குக் கணக்கே கிடையாது. ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கூட எடுப்பார்கள். யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பது அடுத்த பண்டிகைவரை பேச்சாக இருக்கும்.

ஏலம் விடுகிறவன் பெயின்டர் கிங்ஸ்டன். சபையிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான். முதலில் சீவலப்பேரியிலிருந்து வந்த வாழைத்தார். முதல் தாரை வருஷா வருஷம் தேவசிகாமணிதான் எடுப்பார். அது அவருக்கு ஒரு கௌரவம்.

"அஞ்சாயிரம்!" என்றார் தேவசிகாமணி, எழுந்து நின்று, வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. பந்தல் முழுக்கக் கைதட்டல். போதகர் புன்னகைத்தார்.

இன்பமணி அதுவரை ஒன்றும் திட்டம் போட்டிருக்கவில்லை. சத்தியமாகப் போட்டிருக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டபோது, தன் பணத்தை எடுத்துக்கொண்டு இந்த மனிதர் புண்ணியவான் ஆகிறார் என்று நினைத்தபோது, அவளுக்குப் பொறுக்கவில்லை. "அஞ்சாயிரம் ஒரு தரம்..." என்று கிங்ஸ்டன் இழுத்தான். எழுந்துவிட்டாள்.

"இருபத்தஞ்சாயிரம்!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. "ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உக்காரு" என்று எபி அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

"அக்கா... நெசமாத்தான் கேக்கியளா?" என்றான் கிங்ஸ்டன்.

"நெசமாத்தான். பணம் தேவசிகாமணி அண்ணாச்சி கையில இருக்கு. என் அட்வான்ஸ் பணம். சபை அவங்ககிட்ட வாங்கிக்கிடட்டும். வெள்ளையடிக்கப் பதினஞ்சாயிரம் பிடிச்சிருக்காவ. போன டிசம்பர்ல அந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சது யாரு கிங்ஸ்டன்?"

"நான்லா!" கிங்ஸ்டனுக்கு மைக் தேவைப்படவில்லை. "பதினோரு வருசமும் நான்தான அடிச்சேன்! நீங்கதானக்கா கூலி தந்திய!"

"வாக்குத்தத்த அட்டை மாட்டுன ஆணிக்கு மூவாயிரம் பிடிச்சிருக்காவ. இங்கன இருக்க எல்லார் வீட்டுலயும் அந்த ஆணி இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க, ஒங்களுக்கு எவ்வளவு வருதுன்னு."

எங்கோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். தொடர்ந்து நாலைந்து பேர். தேவசிகாமணிக்கு முகம் கறுத்தது. ஆனால் நாற்பது வருஷம் வகுப்பை மேய்த்தவர், லேசில் விடுவாரா? சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

"தங்கச்சி ஏதோ வருத்தத்துல பேசுதா. அதனால என்ன? கர்த்தருக்குத்தான போகுது? அந்த இருபத்தஞ்சாயிரத்தையும் நானே கட்டிருதேன்."

நம்புவீர்களா, அதற்கும் கைதட்டினார்கள்! கிங்ஸ்டன் வேண்டாவெறுப்பாக, "இருபத்தஞ்சாயிரம் ஒரு தரம்... இருபத்தஞ்சாயிரம் ரெண்டு தரம்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். "யார் பேருல போட?"

"என் பேருல போடுங்க" என்றார் தேவசிகாமணி.

"ஏலங் கேட்டது நான்" என்றாள் இன்பமணி. "பணமும் என்னோடது. ஒங்க பேரு எதுக்கு அண்ணாச்சி?"

கேட்டவர் பேரில்தான் போட வேண்டும், அதுதான் முறை என்றார் பொருளாளர். எல்லாக் கண்ணும் தேவசிகாமணிமேல். எப்படியாவது இதை முடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. "சரி வே, அவ பணந்தான். அவ பேருலயே போட்டுத் தொலையும்" என்று எரிந்து விழுந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டியளா?" இன்பமணி பந்தல் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தாள். "அவ பணந்தான்னு அண்ணாச்சி வாயாலயே சொல்லிட்டாவ. கிங்ஸ்டன், மூணு தரம் சொல்லிட்டியா?"

"இல்லக்கா. ரெண்டுதான்."

"அப்ப நான் ஏலத்துல இருந்து விலகிக்கிடுதேன். என் பணத்த என் கையில குடுக்கச் சொல்லுங்க. எனக்கு வாழத்தார் வேண்டாம்."

கிங்ஸ்டனுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா விலகியாச்சு! முந்துன ஏலக்கேள்வி தேவசிகாமணி சாரோடது! அஞ்சாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று ஒரே மூச்சில் முடித்து, தாரைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தான்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தேவசிகாமணி போதகரைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஜெபித்துக்கொண்டிருந்த போதகர் இப்போது வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். "குடுத்துருங்க சார். அதான் நல்லது." தேவசிகாமணி பணம் அனுப்பப் போனை எடுத்தார். இன்பமணி தன் போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னாள். பணம் வந்தது. நின்ற இடத்திலேயே அதை அப்படியே ஷரீபா பீவிக்கு அனுப்பினாள். அஸீலாவுக்கு இன்றைக்கே கொடுத்துவிடுங்கள் என்று ஒரு வரியும் எழுதிப் போட்டாள்.

சபையார் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது டார்லின் பைய வந்து பக்கத்தில் நின்றாள். "பணந்தான் வந்துட்டுல்லா. இருந்தாலும் இன்பா, ஒரு பெரிய மனுசன சபையில வச்சு இப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. தனியாப் போயிக் கேட்டிருக்கலாம்."

இன்பமணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏழு தடவ தனியாத்தான் போனேன் டார்லினக்கா. ஒங்ககிட்டயும் தனியாத்தான் வந்து அழுதேன். நான் அழுதது இந்தச் சபையில ஒருத்தருக்கும் கேக்கல. சத்தம் போட்டது மட்டும் எல்லாருக்கும் கேட்டுட்டு என்னா?"