லுங்கி கட்டும் நேரம்

“காலேஜு படிச்சா கடம்பா மாட்டுமா? இன்னிக்கு ஒண்ணுகூட மாட்டலன்னா, பாறைய வுட்டு எழுந்து போய்க்கினே இரு.”

கடம்பா என்கிற கணவாய்க்குக் காசிமேட்டில் தினமும் தூண்டில் போடும் சிவப்புத் தொப்பிக்காரர் என்னிடம் அப்படிச் சொன்னார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பார்த்தே கற்றுக்கொள்வேன். அவர் பொய் இரையான ரப்பர் இறாலை ஓயாமல் சுண்டி இழுப்பார். லுங்கியை இறுக்கிக் கட்ட அவர் கை நிற்கும்போதுதான் கடம்பா மாட்டும். அது அவருக்கே தெரியாது.

நான் இரண்டு முறை மட்டும் சுண்டி, இறாலைத் தானாக மூழ்க விட்டேன். நூல் இறுகியது. மேலே வந்த கடம்பா என் சுடிதார் முழுக்க மை பீய்ச்சியது.

“யாரு சொல்லிக் குட்தது?”

“உன் லுங்கிதாண்ணா.”

அவர் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார். கோபமா, மரியாதையா, இன்னும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவருக்கு முன்பே போய், அவருடைய பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.