சாகும்போது இருமாத கதாநாயகி

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவியில் போட்டால் வீட்டில் எல்லோரும் அழுவார்கள், தையல்காரி மட்டும் திட்டுவாள். சும்மா முணுமுணுப்பதோடு விடமாட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, மூச்சு வாங்க வாங்க, டைரக்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டுவாள். அந்த ஆள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. செத்தவரைத் திட்டலாமா என்று மகள் கேட்டால், "செத்துட்டா யோக்கியன் ஆயிடுவானா?" என்பாள்.

திட்டுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அந்தப் படம் எடுத்த ஸ்டுடியோவில் துணி தைக்கும் அறை அவளுடைய ராஜ்ஜியம். கதாநாயகி போட்ட ரவிக்கை எல்லாம் அவள் மிதித்த மெஷினில் தைத்ததுதான். படத்துக்கு முன்பே கதையும் அவளுக்கு மனப்பாடம். பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு புத்தகமான காதல் கதை. காசநோய் வந்த ஒரு பெண், அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன், பரீட்சை முடியட்டும், அப்பா மனசு மாறட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போவான். கடைசியில் அவன் வந்து சேரும்போது அவள் இருக்கமாட்டாள். "வெளங்காத பய" என்று தையல்காரி ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அவனைச் சபித்தாள். அந்தப் பெண் அவளுக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டிருந்தாள்.

படமாக எடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. கதாநாயகிக்கு அழ வரும், மயங்கி விழ வரும், இருமத்தான் வராது. தொண்டையில் ஈ புகுந்த மாதிரி ஒரு செருமல் செருமிவிட்டு டைரக்டர் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் ஒலிப்பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து, செட்டே மூச்சை அடக்கி நின்ற நேரம். முந்தானையைச் சரிசெய்யக் குண்டூசிகளோடு தட்டிக்குப் பின்னால் காத்திருந்த தையல்காரிக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பஞ்சுத் தூசி என்று அவள் பல மாதமாக அலட்சியம் செய்துவந்த இருமல் அது. விளக்கு எரியும்போது சத்தம் போட்டவரை வாட்ச்மேன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவதுதான் அங்கே வழக்கம். அப்புறம் உள்ளே வரமுடியாது. ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டுப் பரணில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், செட்டுத் தச்சன், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"எவ அது?" என்று டைரக்டர் கத்தினார்.

காதில் கருவியோடு உட்கார்ந்திருந்த சவுண்டுகாரர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், விரட்டாதீங்க சார். நாம தேடுற இருமல் இதுதான்."

அன்றிலிருந்து தையல்காரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கதாநாயகி கைக்குட்டையை வாயில் வைத்துக் குலுங்கினால் போதும், சத்தத்தைப் பிறகு ஒலிப்பதிவு அறையில் தையல்காரி கொடுப்பாள். அவளும் பூரித்துப்போனாள். ஆனால் அந்த இருமலை ஆளில்லாத அறையில் திரும்பத் திரும்பக் கேட்ட சவுண்டுகாரருக்கு இது பஞ்சுத் தூசி இல்லை என்று பட்டது. தச்சனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மாவ டாக்டர்கிட்ட காட்டுப்பா" என்றார்.

டாக்டர் சொன்னது கதையில் வந்த அதே நோய். இந்த நோய்க்கு இப்போது ஊசி வந்துவிட்டது, பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் உடனே படுக்கையில் சேர வேண்டும், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர்.

டைரக்டர் உருகித்தான் பேசினார். "ஊசி போட்டா இருமல் அடங்கிடும்மா. கொஞ்சந்தான் பாக்கி. அடுத்த வாரம் நானே என் கார்ல கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

அடுத்த வாரம் கரண்ட் இல்லை என்றார்கள். அதற்கடுத்த வாரம் மெஷின் ரிப்பேர். புருஷன் தினமும் சண்டை போட்டான். "படத்துல அந்தப் பொண்ணு வாயில்லாம நிக்கிறா, எப்படிய்யா விட்டுட்டுப் போறது?" என்று இவள் அவன் வாயை அடைத்தாள்.

கடைசியாக மரணக் காட்சி வந்தது. இருட்டறையில், திரையில் கதாநாயகி சத்தமில்லாமல் வாயைத் திறந்து தவித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்க்கும்போதே தையல்காரியின் கைக்குட்டையில் ரத்தம் வந்துவிட்டது. அவள் அதை விரித்து டைரக்டரிடம் காட்டினாள். அவர் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இதே வேகத்துல வரட்டும்மா. செவப்பு விளக்கப் போடச் சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் கண்டிப்பா."

அவ்வளவுதான். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது.

"அடுத்த வாரமா? அந்தப் பய அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொன்ன சீன் எடுக்கையில, கேமரா பக்கத்துல நின்னு கண்ணத் தொடச்சீங்களே, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! அவன் என்ன சொன்னானோ அதத்தானே நீங்களும் சொல்றீங்க? அவனுக்காவது அவ மேல ஆசை இருந்துச்சு. உங்களுக்கு என் இருமல் மேலதான் ஆசை!"

"இப்ப போனா திரும்பி வரமுடியாது, தெரிஞ்சுக்க."

"நான் திரும்பி வந்தா கேளுய்யா" என்று கைக்குட்டையை அவர் மேஜைமேல் எறிந்துவிட்டு நடந்தாள். தச்சனும் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் தாமதத்துக்கு ஒரு பக்க நுரையீரல் பலியாகிவிட்டது. அப்புறம் மெஷின் மிதிக்க மூச்சு பத்தவில்லை, பட்டன் கட்டியும் கிழிசல் தைத்தும்தான் காலம் போனது. படமோ ஓடு ஓடென்று ஓடியது.

மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை முதல்முறையாக வீட்டில் தங்கிய ஞாயிற்றுக்கிழமை, டிவியில் அந்தப் படம். "அவர் முன்னாடி வாயத் திறக்காதம்மா, புண்ணியமாப் போகும்" என்று மகள் கெஞ்சியிருந்தாள். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் இருமல் ஒவ்வொன்றாக வந்துபோனது. மரணக் காட்சி வந்தது. கதாநாயகியின் வாய் திறந்தது, தோள் குலுங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தீங்களா அத்தை? படம் முழுக்க இரும விட்டுட்டு, சாகும்போது மட்டும் சத்தமே இல்லாம பண்ணியிருக்காரு. எந்த டைரக்டருக்குத் தோணும் இது? மேதை."

மகள் கண்ணால் கெஞ்சினாள். தையல்காரி அவளைப் பார்க்கவே இல்லை.

"மேதையாவது, மண்ணாவது! அந்தாளு கேட்டான், நான் குடுக்கல. அந்தச் சத்தம் வரவேண்டிய நேரத்துல நான் ஆஸ்பத்திரியில கைய நீட்டி ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன் மாப்பிள்ளை. அந்த ஊசியில பொழச்சு வந்துதான் உங்க பொண்டாட்டியப் பெத்தேன்."