காப்பார் தம்புசாமியும் ஒற்றைக்கண் ஆட்டுக்காரனும்

யுகேந்திரன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது பிரிக்பீல்ட்ஸில், எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே இருந்த சீனர் மளிகைக் கடையின் டெலிபோனில். கிள்ளானிலிருந்து என் சித்தப்பா மகன் முத்துக்கருப்பன் கூப்பிட்டிருந்தான். "அக்கா, பையன் பொறந்திருக்கான். பேரு யுகேந்திரன்" என்றான். யுகங்களுக்கெல்லாம் இந்திரனாம். போய்ப் பார்த்தால் ஆள் ஒரு பப்பாளிப் பழம் அளவுதான் இருந்தான். பெயரைத் தூக்கத்தான் ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்த இந்திரன் வளர்ந்து ஏர்கோன், அதாவது ஏசி, சர்வீஸ் செய்கிறவன் ஆனான். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கோலாலம்பூர் வெயிலில் இந்திரன் வந்து நின்றாலும் ஒரு கிளாஸ் தண்ணீர்தான் கொடுப்பார்கள்; ஏர்கோன்காரன் வந்தால் சோபாவைத் தள்ளிப்போட்டு வழிவிடுவார்கள். வேலை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவான். அத்தை என்கிற முறையே தட்டுக் கழுவ ஆள் வேண்டும் என்று உண்டாக்கியதுதானே.

சாப்பிடும்போது சும்மா சாப்பிடமாட்டான். 'ஒர்வானா' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறதாம். அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தொடங்கியது, இன்னும் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. நாம் பார்க்கிற டிவி நாடகமாவது கதாநாயகி கிழவியானால் முடிந்துபோகும். இதற்கு அந்தக் கவலையும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பாகத்திலும் எல்லாமே புதிது. புது தேசம், புது ராஜா, புதுச் சண்டை. போன பாகத்து ஆட்கள் யாரும் இந்தப் பாகத்தில் தலைகாட்டுவதில்லை.

ஒருவனைத் தவிர. பெஸ்கோ என்று ஓர் ஓடக்காரன். எந்த தேசமானாலும் ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருப்பான். இடது காலை இழுத்து நடப்பான். பக்கத்தில் ஒற்றைக்கண் ஆடு ஒன்று நிற்கும்.

இதை வைத்து உலகம் முழுக்க விளையாடுகிற ஜனங்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். எல்லாப் பாகத்திலும் வருகிறவன் ஒரே பெஸ்கோதான், ஆகவே எல்லா தேசமும் ஒரே உலகத்தில்தான் இருக்கிறது என்பது ஒரு கட்சி. அது வேறு உலகம், இது வேறு உலகம், செய்கிறவர்கள் பழைய ஞாபகத்துக்காக அந்தப் பெயரைத் திரும்ப வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது இன்னொரு கட்சி. நம்முடைய கோயில் கமிட்டி ரெண்டாக உடைந்தால் ரெண்டு இடத்திலும் அன்னதானமாவது கிடைக்கும். இவர்கள் சண்டையில் ஒரு வடைகூடக் கிடையாது.

மலேசியாவில் ஒரே உலகக் கட்சிக்குத் தலைவர் எங்கள் யுகேந்திரன்தான். யூடியூபில் தமிழிலேயே பேசுவான். பார்க்கிற கூட்டமும் கொஞ்சம் இருந்தது. அவனுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தான்.

"அத்தை, பேரு, ஊனம், கூட இருக்கற ஜீவன். இந்த மூணும் ஒத்துப்போச்சுன்னா ஆள் ஒண்ணுதான்லா. கோர்ட்லயே ஒத்துக்குவாங்க."

"நாலாவது பாகத்துல அந்த ஆளு ஓடத்தோட எரிஞ்சு செத்தான்னு போன வாரம் சொன்னியே?"

"அஞ்சாவதுல வந்துட்டானே! அப்ப என்ன அர்த்தம்? அவன் சாகவே இல்ல. செத்த மாதிரி நடிச்சிருக்கான்."

"ரசம் ஊத்தவா?"

"ஊத்துங்க."

நானும் சொந்தபந்தம் கணக்கு வைக்கிறவள்தான். யாருக்கு யார் என்ன முறை என்று கிள்ளானிலிருந்து பூச்சோங் வரை என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் என் கணக்கில் இருக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், பத்திரிகை கொடுத்தால் கல்யாணத்துக்கு வருவார்கள், வந்து சாம்பாரில் உப்பு இல்லை என்பார்கள். இவன் கணக்கு வைத்த வம்சத்தில் அந்தச் சுகமும் இல்லை.

பெண் பார்க்கப் போன இடங்களில் இது எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "தம்பிக்கு ஓய்வு நேரத்துல என்ன பொழுதுபோக்கு?" என்று பெண்ணின் அப்பா மரியாதைக்குத்தான் கேட்பார். மற்றவன் என்றால் பூப்பந்து என்று சொல்லிவிட்டு லட்டு எடுத்துக்கொள்வான். இவன் ஓடக்காரனில் தொடங்கி ஆட்டுக்கு வந்து சேரும்போது கோப்பி ஆறிப்போயிருக்கும், இடமும் கைநழுவியிருக்கும். இப்படியே முப்பத்தாறு வயதாகிவிட்டது.

அப்புறம்தான் அனுப்பிரியா வந்தாள். பூச்சோங் பெண், பல் கிளினிக்கில் வேலை. அவள் எதிர்க்கட்சி. இவன் போடுகிற ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் வந்து, இவன் சொன்னது ஏன் தப்பு என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டுப் போவாளாம். இவன் பதில் எழுதுவானாம். ஒரு வருஷம் இப்படியே திட்டிக்கொண்டிருந்தவர்கள், எழுதித் திட்டுவது போதவில்லை என்று நேரில் திட்டிக்கொள்வதற்காக ஒரு வாழையிலைக் கடையில் சந்தித்தார்கள். அன்றிலிருந்து வாராவாரம் சந்தித்தார்கள்.

ஒரு நாள் என் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்தான். "அத்தை, இவ இல்லன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம். அவ ஒருத்திதான் நான் பேசறதை முழுசா கேட்டுட்டு, அதுக்கப்புறம் தப்புன்னு சொல்றா" என்றான். மற்றவர்கள் எல்லாரும் கேட்காமலே தப்பு என்றவர்கள். அவன் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்தது அன்றுதான். இது விளையாட்டில்லை என்று முத்துக்கருப்பனுக்கு அப்போதே போன் செய்தேன்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சிவகாமி தங்கமான மனுஷி. தடை தாய்மாமன் ரூபத்தில் இருந்தது. திருச்செல்வம் என்று பெயர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செமினியில் தன் கூட்டாளி மகனுக்கு மூலை வீடு ஒன்றும் பெரிய கார் ஒன்றும் இருக்க, மருமகள் ஏர்கோன்காரனைப் பிடித்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியில் அப்படிச் சொல்வாரா? "பையனைப் பத்தி நல்லா விசாரிக்கணும்" என்றார். அந்தக் காலத்தில் விசாரிப்பது என்றால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், சாராயக்கடைப் பக்கம் கேட்பார்கள். இவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யுகேந்திரன் போட்ட வீடியோ அத்தனையையும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். அவ்வளவையும் பார்த்த மனிதர் எங்கள் குடும்பத்தில்கூட யாரும் கிடையாது.

பரிசம் போட பூச்சோங்கில் பெண் வீட்டுக்குப் போனோம். சுவரோடு சுவர் ஒட்டிய தெரஸ் வீடு, வாசலில் பந்தல். தட்டு வரிசையில் பழம், பூ, பட்டுப்புடவை, இவற்றுக்கு நடுவே ஒற்றைக்கண் ஆட்டு வடிவத்தில் ஒரு கேக். யார் ஏற்பாடு என்று கேட்காதீர்கள். அதோடு விட்டானா? வரமுடியாத கட்சிக்காரர்கள் பார்க்கட்டும் என்று ஒரு போனை முக்காலியில் நிறுத்தி வைத்து யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பும் செய்தான். பரிசம் கட்சி மாநாடாக நடந்துகொண்டிருந்தது.

வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் ரெண்டு வீட்டாரும் நாங்கள் இன்னார் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஒரே வம்சத்து ஆண்வழி என்றால் பங்காளி. பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை ஆகிவிடுவார்கள், கட்டக்கூடாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம், பேச்சுக்குச் சொல்லிவிட்டுத் தட்டை மாற்றுவார்கள். முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினான்.

"நாங்க காப்பார் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தவங்க. எங்க அப்பாவோட அப்பா தம்புசாமி."

திருச்செல்வம் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். இந்த நேரத்துக்காகவே காத்திருந்திருக்கிறார்.

"அப்படியா? இந்தப் பொண்ணோட அப்பன் பந்திங் ஆளு, அவனுக்கும் அப்பாவோட அப்பா தம்புசாமிதான். சம்பந்தி, உங்க தாத்தாவுக்கு நடையில ஏதும் கோளாறு?"

"இடது கால கொஞ்சம் இழுத்து நடப்பாரு."

"இவரும் அப்படித்தான். பின்னாலேயே நாய் ஏதும் போகுமா? அது பேரு?"

முத்துக்கருப்பன் அப்பாவி. "ஜிம்மி" என்றான்.

"இவரு நாயும் ஜிம்மி!" என்று திருச்செல்வம் தொடையில் தட்டினார். "பேரு ஒண்ணு. ஊனம் ஒண்ணு. கூட இருக்கற ஜீவன் ஒண்ணு. ஆள் ஒண்ணுதான்! காப்பார்ல ஒரு குடும்பம், பந்திங்ல ஒரு குடும்பம். ரெண்டு பிள்ளைங்களும் அண்ணன் தங்கச்சி முறை. தட்டை எடுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தம்புசாமி எனக்கும் தாத்தா. அவர் ரெண்டு குடும்பம் வைத்திருந்தார் என்று இந்த மனிதர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒரு குடும்பத்துக்கே ஒழுங்காக அரிசி வாங்கிப் போடாதவர் எங்கள் தாத்தா.

"ஏங்க, அந்தக் காலத்துத் தோட்டத்துல பாதி நாய்க்கு ஜிம்மின்னுதான் பேரு. மீதி நாய்க்கு டைகர். மழையில மேட்டுல ரப்பர் பால் வாளி தூக்கினவங்கள்ல கால் நல்லா இருந்தவங்க எத்தன பேரு? ஆள் ஒண்ணாம்ல!" என்றேன்.

சிவகாமியும் விடவில்லை. "அண்ணே, என் கல்யாணத்துல அந்தத் தாத்தா அட்சதை போட்டாரே. நீங்களும்தானே இருந்தீங்க? அக்கா, உங்க தாத்தா எப்ப தவறினாரு?"

"எனக்கே கல்யாணம் ஆகல அப்ப. நீங்க பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க."

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முதலில் செத்தவர், பின்னால் வந்து எப்படி அட்சதை போடுவார்? திருச்செல்வம் சிரித்தார்.

"அதுக்கும் மாப்பிள்ளையே பதில் சொல்லியிருக்காருமா. செத்தவன் திரும்பி வந்தான்னா அவன் வேற ஆள் இல்ல, சாகவே இல்லன்னு அர்த்தம். நடிச்சிருக்கான். ஏன் மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதானே? இல்ல, தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க. தட்டை மாத்திடுவோம்."

கூடமே யுகேந்திரனைத் திரும்பிப் பார்த்தது. போனுக்குள்ளிருந்து அவன் கட்சியும் பார்த்தது. ஒரு வார்த்தை, தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொன்னால் பெண் அவனுக்கு. ஒரு நல்ல மாப்பிள்ளை என்ன செய்வான்? எங்கள் மாப்பிள்ளை யோசித்தான்.

முத்துக்கருப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். என் பக்கத்தில் இருந்த பெண் விசிறியை நிறுத்திவிட்டாள். யுகேந்திரன் உதட்டை நக்கிக்கொண்டு, "மாமா, கேம்ல ஒரு ரூலு, குடும்பத்துல ஒரு ரூலு" என்று இழுத்தான்.

"ஆளுக்கு ஆள் மாறினா அது ரூல் இல்லியே மாப்பிள்ளை" என்றார் திருச்செல்வம். சொன்னது அநியாயமானாலும் பேச்சு நியாயமாகத்தான் இருந்தது.

உள்ளே உட்கார வைத்திருந்த அனுப்பிரியா, யாரும் கூப்பிடாமல் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யுகேன், இவ்வளவு நேரம் யோசிக்கறீங்க. எனக்கும் அந்த ஓடக்காரனுக்கும் நடுவுலயா யோசிக்கறீங்க?"

"இல்லலா, அனு..."

"என்னை சமாதானம் பண்ண வேண்டாம். மாமாவுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க நெசமா நம்பறதைச் சொல்லுங்க. அது ஒரே ஆள்தான்னு நம்பினா, அப்படியே சொல்லிட்டுப் போயிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றால் அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் தெரிந்தது. யுகேந்திரனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். எழுந்து நின்றான். போனைப் பார்க்கவில்லை.

"மாமா, அது ரெண்டு பேருதான். காப்பார் தம்புசாமி வேற, பந்திங் தம்புசாமி வேற. பேரு வச்சவங்களுக்கு அந்தப் பேரு பிடிச்சிருந்துச்சு, வச்சாங்க. காலு, நாய் எல்லாம் அந்தக் காலத்துல எல்லாருக்கும் இருந்தது." ஆட்டுக் கேக்கைப் பார்த்தான். "பெஸ்கோவும் அப்படித்தான். நாலாவது பாகத்துல இருந்தவன் செத்துட்டான். அஞ்சாவதுல வர்றவன் வேற ஆளு. செய்யறவங்க பழசை மறக்கல, அதனால அந்தப் பேர வைக்கறாங்க. அவ்வளவுதான். நான் இத்தன வருஷமா சொன்னது தப்பு."

சொல்லும்போதே அழுதுவிட்டான். உண்மையான தாத்தா செத்தபோதுகூட எங்கள் வீட்டில் சிலர் அப்படி அழவில்லை. சிரிக்கத்தான் வந்தது எனக்கு, சிரிக்கவில்லை. பையன் இருபது வருஷமாகக் கட்டியதை அத்தனை பேர் முன்னால் தன் கையாலேயே இடித்துவிட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். அனுப்பிரியா வெற்றிலைத் தட்டை எடுத்து அவள் அம்மா கையில் கொடுத்தாள். "மாத்துங்கம்மா" என்றாள்.

சிவகாமி அண்ணனைக் கேட்காமலே தட்டை மாற்றினாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திருச்செல்வம் வாயை மூடிக்கொண்டார். ஆட்டுக் கேக்கில் தலைப் பகுதி அவருக்குத்தான் போனது.

அவன் கட்சி சும்மா இருக்குமா? துரோகி என்றார்கள், பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே அந்தப் பட்டம் வாங்கினவன் அவன் ஒருவன்தான். தலைவர் இல்லாமல் கட்சி கொஞ்ச நாள் அல்லாடியது. பிறகு புதுத் தலைவர் கிடைத்தார். அத்தனை வீடியோவையும் பார்த்துப் பாடம் செய்தவர், எதிர்க்கேள்வி எது வந்தாலும் பதில் வைத்திருப்பவர், பகல் முழுக்க வேறு வேலை இல்லாதவர். திருச்செல்வம்தான். கல்யாணத்தை நிறுத்துவதற்காகப் பார்க்க உட்கார்ந்தவர், பார்த்துப் பார்த்துக் கடைசியில் நம்பிவிட்டார். இப்போது விளையாடுகிற மிஷின்கூட வாங்கியிருக்கிறாராம். தைப்பூசத்தன்று பத்துமலையில் அவரைப் பார்த்தேன். கும்பிட்ட கையை இறக்காமலே, "நம்ம மாப்பிள்ளை அவசரப்பட்டுட்டாரும்மா, எனக்கு ஒன்பதாம் பாகத்துல ஆதாரம் கிடைச்சிருக்கு" என்றார். முருகனுக்கு அன்றைக்கு இருந்த கூட்டத்தில் இதையும் கேட்கவேண்டியிருந்தது.

கல்யாணம் வைகாசியில் கிள்ளானில் நடந்தது. நான் ரெண்டு நாள் தங்கி வந்தேன்.

யுகேந்திரன் இப்போது பூச்சோங்கில், பெண்டாட்டியோடும் மாமியாரோடும் இருக்கிறான். ஏர்கோன் சர்வீஸ்தான் செய்கிறான்.