மூன்று வாரம் முன்னால் தொடங்கும் அறிக்கை

ஈக்காட்டுத்தாங்கலில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. எங்கள் அறிக்கைகள் எல்லாமே விபத்து நடந்த நிமிடத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் உலகமே இல்லாத மாதிரி. அதனால் லிஃப்டைக் கடைசியாகத் தொட்ட மெக்கானிக்கின் தலையில்தான் பழி விழும்.

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் கதவு மூடி, ஒரு பெரியவரின் கை நசுங்கியது. முந்தின நாள் அந்த லிஃப்டைப் பார்த்த மெக்கானிக்கை, அறிக்கை வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் அறிக்கை வழக்கம்போல் போனால் அவர் வேலை ஒரேயடியாகப் போய்விடும். இது தெரிந்தும் சும்மா எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் போன் செய்தேன்.

"கதவு சென்சார் பூட்ச்சுன்னு மூணு வாட்டி சொன்னேன் மேடம். மாத்துற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமான்னு கேட்டேன். வாட்சப்புல என் வாய்ஸு கீது, கேட்டுப் பாருங்க."

கேட்டேன். விபத்துக்கு மூன்று வாரம் முந்தைய குரல். அதன் கீழே மேனேஜரின் பதில்: 'இப்ப ஓடட்டும்.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறிக்கையை, அவர் அந்தக் குரலை அனுப்பிய காலையிலிருந்து தொடங்கினேன். சென்சாரைச் சோதிக்க மெக்கானிக் கதவுக்கு நடுவே கையை நீட்டினார். கதவு நிற்கவில்லை. லிஃப்டை நிறுத்தலாமா என்று கேட்டார். மேனேஜர் ஓடட்டும் என்றார். 'கவனிக்கப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது' என்று மழுப்பாமல், ஒவ்வொரு வரியிலும் செய்த ஆளை நிறுத்தினேன்.

மேனேஜர் பாதி படித்ததுமே நிமிர்ந்தார். "ரிப்போர்ட் கேட்டா கதை எழுதி வச்சிருக்கீங்க. விபத்துலேர்ந்து ஆரம்பிங்க. மேல இருக்கறதையெல்லாம் எடுத்துடுங்க."

"கதைதான் சார், நடந்த கதை. எங்க ஆரம்பிக்கறோம்கறதுலதான் யார் தப்புங்கறதே இருக்கு. எடுக்க மாட்டேன்."

"அப்ப வேற ஆள வச்சு எழுதிக்கறேன்."

"எழுதிக்கோங்க. இது தி.நகர் ஹெட் ஆபீஸுக்குப் போயாச்சு."

அடுத்த வாரம் மெக்கானிக் வேலைக்குத் திரும்பினார். என்னைத்தான் அறிக்கைப் பக்கமே வராதபடி ஸ்டோருக்கு மாற்றி, உதிரி பாகங்களின் பட்டியல் எழுத வைத்துவிட்டார்கள். வெறும் பட்டியலில் என்ன கதை வந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, அதை யார் கேட்டார், எந்த நாளில் கேட்டார், இல்லை என்று சொன்னது யார் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையும் பிடுங்கட்டும்.