பிரேக் அடித்துவிட்டு அசையாமல் நிற்பது

எனக்குப் பயம் வந்தால் முதலில் கால்தான் ஓடும். நெஞ்சு அப்புறம்தான் படபடக்கும். எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தில் குலை வெட்டுகிறவன் வேறு எப்படி இருக்க முடியும்? கோலா சிலாங்கூருக்கு வடக்கே, சுங்கை ஆயர் தாவார் போகிற வழியில் இருக்கிறது எங்கள் தோட்டம். குலை வெட்டுகிறவர்களில் தமிழர் இன்னும் மூன்று பேர்தான் மிச்சம். மற்றவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நீளக் கம்பின் நுனியில் கட்டிய வளைந்த கத்தியைக் குலைக் காம்பில் மாட்டி ஒரே இழுப்பு. இழுத்த கையோடு பின்னால் நாலு எட்டு. குலை இருபது கிலோவுக்குக் குறையாது, உடம்பெல்லாம் முள். நான் சேர்ந்த முதல் மாதம் பக்கத்து மர நிரையில் ஒருவர் பின்வாங்கச் சோம்பல்பட்டு நின்றார். தோள் எலும்பு நொறுங்கிப் போயிற்று. அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கால்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எனக்குப் பின்னால் உதிரிப் பழம் பொறுக்குவது என் மனைவி. குனிந்தே வேலை செய்கிறவளுக்கு மரத்தின் உச்சி தெரியாது. என் பூட்ஸ் மட்டும்தான் தெரியும். பூட்ஸ் பின்னால் நகர்ந்தால் அவளும் ஒதுங்கிவிடுவாள். பூட்ஸ் ஒரே இடத்தில் நின்றால், நான் அண்ணாந்து பழம் பார்க்கிறேன், கத்தி இன்னும் காம்பில் படவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் மரத்தடிக்கு வந்து கிடப்பதை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். இதை வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் சொல்லித்தந்ததுமில்லை, நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுமில்லை. பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்ததில் தானாக வந்த பழக்கம்.

இந்தக் கால்களை வைத்துக்கொண்டுதான் நான் பூல் ஆடப் போனேன்.

எங்கள் கிறிஸ்தவ ஆலயத்து மண்டபத்தில் ஒரு பூல் மேசை இருக்கிறது. மூடிப்போன கடையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கொண்டுவந்து போட்டது. பச்சைத் துணியின் ஒரு மூலை கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அதைச் சுற்றி ஆள் கூடிவிடும். என் மனைவியின் தம்பி ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான், அங்கே நன்றாக ஆடுகிறவன் என்று பேர் வாங்கியவன். ஆலயத் திருநாளுக்கு ஜோடி ஆட்டப் போட்டி என்று அறிவித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இது பிரேக் அடிக்கறதுக்குன்னே செஞ்ச கை லா. பிரேக் மட்டும் நீங்க அடிங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

முக்கோணமாக அடுக்கிய பதினைந்து பந்துகளையும் வெள்ளைப் பந்தால் சிதறடிக்கிற முதல் அடிதான் பிரேக். பலம் என்னிடம் கொட்டிக் கிடந்தது. ஓங்கி ஒரு அடி. வெள்ளைப் பந்து தவளை மாதிரித் துள்ளி, மேசையைத் தாண்டி, பாடல் குழுவின் கீபோர்டில் போய் மோதியது. இரண்டாவது முறை சன்னல் பக்கம் போனது. மூன்றாவது முறை சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை மூடிக்கொண்டார்கள்.

"அடிச்ச உடனே ஏன் மச்சான் பின்னால ஓடுறீங்க? பந்து என்னா ஒங்க தலையிலயா வந்து விழப் போவுது?"

மண்டபமே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் கோலை அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன். வீம்பு விடவில்லை.

அவன் சொன்னது உண்மைதான். அடிக்கிற நொடியில் என் கால் பின்னால் போகிறது, உடம்பு நிமிர்கிறது, கோலின் பின்பக்கம் எழும்பி முனை பந்தை மேலிருந்து குத்துகிறது. பந்து துள்ளாமல் என்ன செய்யும்?

"கோலு பந்தத் தாண்டி முன்னால போவணும். போயி அங்கயே நிக்கணும். அதான் ஃபாலோ த்ரூ. நீங்க குனிஞ்சது குனிஞ்சபடி, கால் அசையாம, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அப்புறம் எந்திரிங்க, ஓகே?"

சொல்வது சுலபம். வேலை முடிந்த சாயங்காலங்களில் தனியாகப் போய் அடித்துப் பழகினேன். ஒரு மேசையின் முன்னால் நிற்கிறேன், தலைக்கு மேல் மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அடித்துவிட்டு அசையாமல் நின்றால் பிடரி சில்லிட்டுப் போகும், உள்ளங்கை வியர்த்துக் கோல் வழுக்கும். ஒன்று எண்ணுவதற்குள் கால் ஓடிவிடும். அதை இழுத்துப் பிடித்து இரண்டாக்கினேன், மூன்றாக்கினேன். மூன்றாவது வாரம் பந்துகள் வெடித்துச் சிதறுவதைக் குனிந்தபடியே பார்த்தேன். எனக்கு ஒரே பெருமை.

திருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை காலையில் அது நடந்தது. உயரமான மரம். பாதையில் ஒரு லோரி இரைந்துகொண்டு போனது. கத்தியை மாட்டி இழுத்தேன். காம்பு அறுந்த சத்தம் லோரி இரைச்சலில் அமுங்கியது, குலையும் உடனே விழவில்லை. ஒரு நாரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்றேன். ஆமாம், நின்றேன். ஒன்று, இரண்டு என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

நிற்கிற என் பூட்ஸைப் பார்த்துவிட்டு அவள் வாளியோடு மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

எனக்குச் சத்தம் வரவில்லை. குலை இறங்கியது. அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய் மண்ணில் பதிந்தது. தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்குமா? அதுகூடத் தெரியவில்லை. முள் கீறிய முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கம்பைப் போட்டுவிட்டு ஓடி, அவள் தலையை, கழுத்தை, தோளைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

"கால் ஏங்க நகரல?" என்று கேட்டாள்.

"பூட்ஸு சேத்துல மாட்டிக்கிச்சு."

யோசிக்காமல் வாயில் வந்த பொய். அவள் நம்பினாள். அன்று சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையோடு, என் பூட்ஸில் இருந்த சேற்றையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த கோழை நான்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு மரத்தடியிலும் செத்துப் பிழைத்தேன். கால் நகரும், நகர்ந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே இழுத்தேன். நினைத்து நகர்த்துகிற கால் அரை நொடி தாமதமாகத்தான் நகர்ந்தது. முன்பு நினைப்பே இல்லாமல் ஓடிய கால் அது. போட்டியே வேண்டாம் என்று மச்சினனிடம் சொல்லிவிடலாம்தான். ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பஞ்சாங்கிலிருந்து வந்த ஜோடியோடு எங்களுக்கு ஆட்டம். என் மனைவி எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே பின்னால் துள்ளிவிடலாம், பந்து எங்கேயாவது போகட்டும் என்று நினைத்துத்தான் குனிந்தேன். அடித்தேன். கோல் பந்தைத் தாண்டி நீண்டு போய் நின்றது. கால் தரையில் அறைந்த மாதிரி அப்படியே இருந்தது. மூன்று பந்துகள் குழிக்குள் விழுந்தன. கைதட்டல். மச்சினன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். நான் நிமிர்ந்தபோது அவள் மேசையைப் பார்க்கவில்லை. தரையில் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

ஆட்டத்தில் தோற்றோம். அதை விடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பாதி வழியில் அவள் கேட்டாள்.

"சேத்துல மாட்டல, இல்ல?"

"இல்ல."

"நாளைக்கு மண்டோர்கிட்ட சொல்லி வேற ஆளுக்குப் பொறுக்கறேன்."

"இனிமே ஆடமாட்டேன். கால் பழைய மாதிரி ஆயிடும்லா."

"ஆவட்டும். ஆனப்புறம் வரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள்.

இப்போது இரண்டு நிரை தள்ளி ஓர் இந்தோனேசியருக்குப் பின்னால் பொறுக்குகிறாள். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஆனால் இழுத்த பிறகு அவர் கால் எப்படி நகரும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் குலை விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். அவள் இருமுவாள், அல்லது வாளியில் பழம் விழும். அது காதில் விழுந்த பிறகுதான் அடுத்த மரத்துக்குப் போகிறேன்.