ஆறு மணிக்குக் கடை மூடியவர்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். அச்சகத்தில் வைகாசி முகூர்த்தப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துக் கோக்கும் முருகேசன் டீ குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே நின்று, "எதிர்க்கடை ஏகாம்பரம் போயிட்டாருங்க. சாப்ட்டுட்டுப் படுத்தவரு எழுந்துக்கலியாம்" என்றார். விடுமுறை நாளில், பிள்ளைகளும் பேரனும் வீட்டில் இருக்கும்போது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தூக்கத்தில். இதிலும் மனிதர் என்னை முந்திக்கொண்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அஞ்சலி எழுதுகிறவன் இப்படியா எழுதுவான் என்று கேட்பீர்கள். அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். பொய் எழுதித் தப்பிக்க முடியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை தேரடி வீதியில் ஆறு மாத இடைவெளியில் எதிரும் புதிருமாக இருவரும் அச்சகம் போட்டோம். காலால் மிதித்து அச்சடிக்கும் டிரெடில் மிஷின் ஆளுக்கொன்று. கல்யாணப் பத்திரிகைதான் சோறு போட்டது. ஏகாம்பரம் மாலை ஆறு மணிக்குக் கடையை மூடிவிடுவார். தை மாதமோ வைகாசியோ, முகூர்த்தம் வரிசையாக நின்றாலும் ஆறு என்றால் ஆறுதான். ஞாயிறு திறக்கவே மாட்டார். "கல்யாணம் அவங்கள்து, அவசரம் மட்டும் நம்பள்தா?" என்பார். பிழைக்கத் தெரியாதவர் என்று நான் வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் வியாபாரம் வளர்ந்தது. இரண்டாவது மிஷின் வாங்கினேன். அவர் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக என் பக்கம் இழுத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டேன்.

அந்தப் பெருமை ஒரு தை மாதத்தில் சரிந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். எங்கள் கடையை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எதிர்லதாங்க மொதல்ல போனேன். கைல எட்டு வேலை இருக்குது, இதுக்கு மேல எடுத்தா உங்க பொண்ணு பேரயே மாத்திப் போட்டுடுவேன், அங்க போங்க, நல்லா செய்வாருன்னு அனுப்பிச்சாரு" என்றார். நான் இழுத்துக்கொண்டு வந்ததாக நினைத்த ஆட்களெல்லாம் அவர் அனுப்பி வைத்தவர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. நேரே போய், "என்னங்க ஏகாம்பரம், எனக்கு வேலை தானம் பண்றீங்களா?" என்று கேட்டேன். அவர் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் இல்லீங்க. எனக்கு ஜாஸ்தி ஆயிட்ச்சி. உங்களால முடியுது, என்னால முடியல, அவ்ளோதான்" என்றார். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

அவர் கடைக்கூரை மழைக்கு ஒழுகியது. அவர் மகன் யாரோ ஓட்டித் தள்ளிய பழைய சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் ஆறேகால் மணிக்கு அவர் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, மனைவி கனகம்மாளும் பிள்ளைகளுமாகச் செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரைக்கும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடந்து போவார். அந்தக் கூட்டத்தில் என் மகள் மல்லிகாவும் இருப்பாள். அந்த சந்தோஷம் அத்தோடு சரி.

மல்லிகா ஒன்பதாவது படிக்கும்போது வேங்கிக்காலிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், "உங்க பொண்ணு சைக்கிள் நல்லா ஓட்டுதே" என்றார். "ஆமாங்க" என்றேன். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். தன் மகனுக்கு வாங்கிய அதே பழைய சைக்கிளில், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி, ஏகாம்பரம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

எண்பதுகளில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை அடிக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். சொந்த அச்சகம் இருக்கும்போது எதற்கு என்று கேட்டேன். "வீட்டுக் கல்யாணத்துலயும் வேலை செஞ்சிக்கினு இருந்தா, அப்பறம் அப்பாவா எப்பதாங்க இருக்கறது?" என்றார். அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் மல்லிகாவுக்கும் கல்யாணம் கூடிவந்தது. நான் அவரைப்போல வெளியில் கொடுப்பேனா? நானே கோத்தேன். கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் கட்டி வைத்திருந்தால், அடுத்த பத்திரிகைக்குப் பெயரும் தேதியும் மாற்றினால் போதும். அவசரத்துக்கு எல்லா அச்சகத்திலும் செய்வதுதான். அவர் மகள் பத்திரிகை அப்படியே கட்டியிருந்தது. பெண், மாப்பிள்ளை, மண்டபம், முகூர்த்தம் எல்லாவற்றையும் மாற்றி அடித்து முடித்தேன். மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மல்லிகா எடுத்துப் படித்தாள்.

"அப்பா, கீழ ஏகாம்பரம் மாமா பேரு இருக்குதுப்பா."

'எனது குமாரத்தி மல்லிகாவை' என்று மேலே இருந்தது. அடியில், அழைப்பவர் இடத்தில், ஏகாம்பரம் – கனகம்மாள். ஊருக்கெல்லாம் பிழை திருத்துகிறவன் என் பெயர் இல்லாததைக் கவனிக்கவில்லை. மல்லிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவால்லப்பா, ஊர்ல யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். என் மனைவி சரோஜா மட்டும் சிரிக்கவில்லை.

என் மிஷின்கள் இரண்டிலும் அடுத்தவர் வேலை ஏறியிருந்தது. வெட்கத்தை விட்டு, திருத்தி அடித்துத் தரச் சொல்லி ஏகாம்பரத்திடம் போனேன். ஆறாக ஐந்து நிமிடம். "காலைல மொத வேலையா போட்டுத் தரேன், மத்தத தள்ளி வச்சிடறேன். இப்ப வீட்டுக்குப் போங்க. பொண்ணு இன்னும் பத்து நாள்தான் உங்க வீட்ல இருக்கும்" என்றார். அவர் சொல்லி நான் கேட்பதா என்ற வீம்பு. திரும்பி வந்து, ஏறியிருந்த வேலையை இறக்கிவிட்டு நானே அடித்தேன். மீதி ஒன்பது நாளும் அதே கதைதான், கடையிலேயே கிடந்தேன். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த முறை அவர்மேல் இல்லை.

அவர் போன மறுநாள், திங்கட்கிழமை, சாவு எடுத்தோம். வேலூரில் இருக்கும் மல்லிகாவுக்குச் சொல்லியனுப்ப எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போனாள். கனகம்மாளைக் கட்டிக்கொண்டு அவள் அழுததைத் தெருவே பார்த்தது. எனக்கு இப்படி அழுவாளா என்று நான் நின்றபடியே கணக்குப் போட்டேன். இறந்தவர்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் பட்டேன்.

சாயங்காலம் அவளை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். "கடைக்கு நேரமாவுது, நீங்க போங்கப்பா. பஸ்ஸு வந்தா நான் ஏறிக்கறேன்" என்றாள். அதில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். நான் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கே ஆச்சரியம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அவள் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசியதே கிடையாது. ஏகாம்பரத்திடமிருந்து எனக்கென்று கிடைத்தது அந்த முக்கால் மணி நேரம்தான். அதிலும் பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.