ராஜா மகளாகிப்போன வடிவு

செவிலிமேட்டுக் கலையரசி ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். கம்பெனி பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள். அவள் போனில் கதை எழுதுவாள். அந்தக் கதையில் பாதாளத்து நாகர்கள் ஓர் ஆற்றையே பூமிக்கடியில் இழுத்துப்போய்க் கட்டி வைத்துவிட்டார்கள். அதை மீட்கக் கிளம்புகிறாள் வடிவு என்கிற களை பறிக்கிற பெண். கலையரசியின் அம்மாவும் வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் கழனியில் களை பறித்துத்தான் மகளைப் படிக்கவைத்தாள்.

பழைய காப்பியம்போல ஆற்றுக்கு வாழ்த்துப் பாடி, நாட்டு வளம் சொல்லித் தொடங்கிய கதையை ஒரு ஆடியோ ஆப் வாங்கிக்கொண்டது. கேட்பவர்கள் பெருகினார்கள். கதை அவர்களுக்குச் சொந்தம், அது முடிகிறவரை வேறெந்தக் கதையும் எழுதுவதில்லை என்று கலையரசி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

வடிவு பாதாள வாசலை நெருங்கியபோது, ஆப்பில் கதைகளைப் பார்த்துத் திருத்தும் ஸிந்துஜா அழைத்தாள். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். காப்பிய இலக்கணம் வீட்டிலேயே காதில் விழுந்து வளர்ந்தவள்.

"கலை, வடிவு தொலைஞ்சுபோன ராஜகுமாரின்னு இப்ப தெரியணும். ராஜ ரத்தத்துக்குத்தான் கதவு திறக்கும்."

"களை பறிக்கிறவளாவே உள்ள போனா என்னம்மா?"

"காப்பியத் தலைவின்னா பிறப்புலயே ஒரு பெருமை வேணும். கேக்கறவங்களும் அதைத்தான் எதிர்பார்க்கறாங்க."

"அப்ப நான் நிறுத்திக்கிறேன்."

"நீங்க நிறுத்தலாம். கதை நிக்காது, வேற யாராவது எழுதுவாங்க." ஸிந்துஜாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் கலையரசிக்குப் பயமாக இருந்தது.

"வுட்டுட்டு வேற கதை எழுது," என்றான் கணவன் ஜெபகுமார்.

"இது முடியாம வேற எழுத முடியாதுபா. இத்த முடிக்கவும் வுடமாட்டாங்க, நல்லா ஓடிக்கினு இருக்குது."

ரெண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தாள். வேறொருத்தி கையில் வடிவு என்னாவாளோ என்ற நினைப்பு தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு வழி தோன்றியது. வாசல் கேட்கிறது: நீ யார் மகள்? 'அரசன் மகள்' என்று பொய் சொல்கிறாள் வடிவு. கதவு ஏமாந்து திறக்கிறது. எழுதி அனுப்பிவிட்டு, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த அத்தியாயம் வெளியான காலையில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த துளசி இயர்போனில் ஒன்றைக் கழற்றி அவள் காதில் வைத்தாள். கணீரென்ற குரல் வாசித்தது: "'நான் அரசன் மகள்,' என்றாள் வடிவு. கதவு திறந்தது."

பொய் என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா," என்றாள் துளசி, முகமெல்லாம் சந்தோஷமாக. "கழனி வேலை செய்றவளுக்கு அம்மாம் தைரியம் எங்கிருந்து வரும்?"

கலையரசி வாயைத் திறந்தாள். பிறகு, "ஆமா," என்றாள்.

போன் அதிர்ந்தது. ஸிந்துஜா: சூப்பர் ரெஸ்பான்ஸ். அடுத்தது பட்டாபிஷேகம். சாயங்காலத்துக்குள்ள வேணும்.

துளசி மறுபடி கண்ணை மூடிக் கேட்கத் தொடங்கினாள். கலையரசி அரண்மனையை எழுத ஆரம்பித்தாள்.